எந்தச் சுரத்தில் அதிருகிறது?

தாய்மாமாவின் கடை மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. ரேடியோ, டேப்ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்ப்பார். பங்குனி பிறந்துவிட்டால் கடையின் முகமே மாறிவிடும். வீட்டு ரேடியோக்கள் மேல்தட்டுக்கு ஏறிவிடும். கீழே கால் வைக்க இடமில்லாமல் மெல்லிசைக் குழுக்களின் சாமான்கள் வந்து இறங்கும். மைக் ஸ்டாண்டு, எக்கோ மெஷின், ஆம்ப்ளிஃபையர், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசிப் பொங்கல் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கச்சேரி நடக்கும் காலம் அது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரைகூடப் பாடுவார்கள். பகலில் அந்தப் பெட்டிகள் மாமாவிடம் வரும், சாயங்காலம் வண்டி ஏறிப் போகும்.

முழுப்பரீட்சை முடிந்ததுமே அம்மா என்னை அம்மாச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். மற்ற பிள்ளைகள் திண்ணையில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருக்க, நான் கடைக்கு ஓடிவிடுவேன். சாலிடர் வைக்கும்போது எழும் புகையின் வாசனையும், பக்கத்து ஆசாரி பட்டறையில் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையின் நாற்றமும் கலந்து அந்தச் சந்துக்கென்று ஒரு காற்று உண்டு. ஆணிகளையும் ஸ்குரூக்களையும் அளவு பார்த்துப் பிரித்து டப்பாவில் போடுவது, டார்ச் அடித்துக் காட்டுவது, வேண்டும் என்கிறபோது திருப்புளியை எடுத்து நீட்டுவது என் வேலைகள். மாமா என்னைப் ‘பொம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை’ என்று ஒரு நாளும் விரட்டியதில்லை. “பாப்பாவுக்குக் காது நல்லாருக்கு” என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து அங்கேயே கிடந்திருக்கிறேன்.

1987 கோடை என்று நினைவு. ‘இரட்டைவால் குருவி’ வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் படத்தில் ஜேசுதாஸ் பாடிய பாட்டைக் கச்சேரிகளில் எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பாட்டின் உயிர் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. பாடுகிறவரின் குரல் ஒரு மெட்டில் போகும். அதன் அடியில் பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே கூட வரும். இளையராஜா பேஸ் கிட்டாருக்குக் கொடுத்த இடம் அப்படிப்பட்டது. அதனால் ஊர்க் குழுக்களுக்கு அதுவரை இல்லாத ஒரு கட்டாயம் வந்தது. பேஸ் வாசிக்க ஆள் வேண்டும். அவருக்கு நல்ல பெட்டியும் வேண்டும். ‘கும்கும்’ என்று ஏதோ கேட்டால் போதும் என்றிருந்த காலம் போய், ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுந்தால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்றாகிவிட்டது.

அப்படி ஒரு பெட்டியைத்தான் ஒரு நாள் காலை சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து, விழுந்துவிடாமல் கையால் அணைத்துப் பிடித்தபடி ஓர் அண்ணன் கொண்டுவந்தார். கனத்த ப்ளைவுட்டில் அடித்து, மேலே கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, மூலைகளில் தகடு பூட்டி, முன்னால் இரும்பு வலை போட்ட பெட்டி. உள்ளே 15 அங்குல ஸ்பீக்கர். அவர் முகம் வாடியிருந்தது.

“அண்ணே, ஏ ஸ்ட்ரிங்க ஓப்பனா அடிச்சா ஜிர்ருங்குதுண்ணே. இன்னொரு கடையில காட்டினேன். கோன் போச்சு, மாத்தணும்ட்டாங்க. சனிக்கிழமை கச்சேரி. அவ்வளவு துட்டுக்கு இப்ப எங்க போவேன்?”

மாமா பெட்டியைத் தொடவில்லை. “போச்சா இல்லையான்னு அதுதான் சொல்லணும், தம்பி. முதல்ல வாசி. எந்தச் சுரத்துல அதிருதுன்னு கேப்போம்.”

பிற்பாடு எத்தனையோ கருவிகளையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துவிட்டேன். பழுது பார்க்கும் கலைக்கு அதைவிட நல்ல முதல் கேள்வி ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

மாமா முதலில் சோதித்தது பெட்டியை அல்ல, கிட்டாரை. ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு வெறும் கிட்டாரை வாசிக்கச் சொன்னார். தந்தி ஃப்ரெட்டில் உரசினால் ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே காதுக்குக் கேட்டுவிடும். உரசல் இல்லை. அடுத்து, அதே கிட்டாரை அதே ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, கடையில் இருந்த வேறொரு பெட்டியில் கொடுத்தார். சத்தம் சுத்தமாக வந்தது. ஆக, கிட்டாரும் ஒயரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விலகிவிட்டன.

பிறகு பழைய பெட்டியை மாட்டிவிட்டு, வாசிக்காமல் சும்மா இருக்கச் சொன்னார். மெலிதாக ஓர் உறுமல் கேட்டது. “பாப்பா, இதையும் அந்த ஜிர்ரையும் ஒண்ணா நினைச்சுறாத. வாசிக்காதப்பவும் ஒரே சீரா வர்றது கரண்டோட சத்தம். வாசிச்சா மட்டும், அதுவும் சில சுரத்துல மட்டும் வர்றது ஏதோ ஒரு பொருளோட சத்தம்.” நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. அதன் உறுமல், பேஸ் கிட்டாரின் தடித்த ‘ஈ’ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ‘ஜி’ சுரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில், 49-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளியில் உட்காரும். அதனால்தான் அனுபவம் இல்லாதவர்களுக்கு இரண்டும் குழம்பிவிடுகின்றன. கிட்டார்க்காரர் தந்திகளைக் கையால் தொட்டதும் உறுமல் அடங்கியது. அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தோம்.

‘ஏ’ தந்தியை அவர் அடித்ததும் ஜிர்ரென்ற சத்தம் கடை முழுக்க எழுந்தது. பெட்டியிலிருந்து வந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் கடையிலிருந்து வந்தது. கண்ணாடி அலமாரி, ஸ்குரூ டப்பாக்கள், சுவரில் மாட்டிய காலண்டரின் தகர விளிம்பு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. மாமா என்னை ஒவ்வொன்றாகப் போய்க் கையால் அமுக்கச் சொன்னார். அலமாரிக் கதவைப் பிடித்தால் ஒரு சத்தம் கழியும். டப்பாவைப் பிடித்தால் இன்னொன்று கழியும். ‘ஏ’ சுரத்தின் அதிர்வு நொடிக்கு 55. அந்தச் சத்தத்தின் ஓர் அலை காற்றில் 6 மீட்டருக்கு மேல் நீளும். அந்தச் சின்னக் கடைக்குள் அது முழுசாக விரியக்கூட இடமில்லை. “இங்க வச்சுக் கேட்டா கடையைத்தான் ரிப்பேர் பண்ணணும்” என்று பெட்டியை அம்மாச்சி வீட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

முற்றத்தில் வைத்துத்தான் உண்மையான விசாரணை ஆரம்பமானது. ‘ஈ’ தந்தியின் அடியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒரே பலத்தில், அவசரப்படாமல் வாசிக்கச் சொன்னார் மாமா. 41-இல் தொடங்கும் சுரங்கள் படிப்படியாக ஏறின. ‘ஜி’ வரை லேசான நடுக்கம் மட்டும். ‘ஏ’யில் ஜிர். அடுத்த அரைச் சுரத்தில் இன்னும் பலமாக ஜிர். அதன் பின் குறைந்துகொண்டே போய் ‘டி’ தந்தியில் சுத்தமாக நின்றுவிட்டது.

“ஏன் மாமா அங்க மட்டும்?”

“ஊஞ்சலை அது போற நேரம் பாத்துத் தள்ளினாத்தான ஏறும்? ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆடுற வேகம்னு ஒண்ணு இருக்கு. அந்த வேகத்துல சத்தம் வந்து இடிச்சா அது ஆடியே தீரும். கோன் கிழிஞ்சிருந்தா இப்படி ரெண்டு சுரத்துல மட்டும் நிக்காது பாப்பா. பாதிக்கு மேல எல்லாச் சுரத்துலயும் அழும்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் கிட்டார்க்கார அண்ணன் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

தாழ்ந்த சுரங்களில்தான் பெட்டிகள் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே அளவு சத்தம் வர வேண்டுமானால், சுரம் ஒரு ஸ்தாயி இறங்கும்போது கோன் முன்னும் பின்னும் போகும் தூரம் நான்கு மடங்காகிறது. புல்லாங்குழல் சத்தத்துக்குக் கண்ணுக்கே தெரியாமல் நடுங்கும் அதே கோன், பேஸ் கிட்டாருக்கு நன்றாகப் பார்க்கும்படி எம்பிக் குதிக்கும். கோன் காற்றை முன்னால் தள்ளும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. பின்னால் வரும்போது உள்ளே அமுக்குகிறது. பலகைகள் நொடிக்கு ஐம்பது, அறுபது தரம் அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டும். எங்கே ஓர் ஒட்டு விட்டிருக்கிறதோ, எங்கே ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கிறதோ, அது அங்கே பேச ஆரம்பித்துவிடும்.

அந்த அரைச் சுரத்தையே திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டு மாமா பெட்டியைச் சுற்றிவந்தார். உள்ளங்கையால் கைப்பிடியை அமுக்கினார். மூலைத் தகடுகளை அமுக்கினார். பின்பலகையில் ஜாக் பொருத்திய தகட்டை அமுக்கினார். முன்வலையில் கை வைத்ததும் சத்தம் பாதியாகக் குறைந்தது. நான் ‘அதுதான்’ என்று கத்தினேன். மாமா சிரித்தபடி வலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “திரும்ப அடி தம்பி” என்றார். மிச்சப் பாதி அப்படியே இருந்தது.

“ஒரு கோளாறைக் கண்டுபிடிச்சதும் சந்தோஷத்துல நின்னுறக் கூடாது. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும். முதல் சத்தத்தை நிறுத்தினாத்தான் ரெண்டாவது சத்தம் கேக்கும்.”

சத்தங்களைப் பிரித்துக் கேட்க அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரும்பு அதிர்ந்தால் கூர்மையாக ‘ஜிர்’ரென்று வரும். பலகையோடு பலகை மோதினால் அகலமாக ‘டர்ர்’ என்று வரும். இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் ‘ஃபுஸ் ஃபுஸ்’ என்று மூச்சு விடும். வாய்ஸ் காயில் காந்தத்தின் இடைவெளியில் உரசினால் மணல் தாள் தேய்ப்பதன் வறட்டுச் சத்தம் வரும். வலை போனதும் எங்களுக்கு மிஞ்சியது ‘டர்ர்’ரும், அதற்கடியில் ஒரு மெல்லிய ‘ஃபுஸ்’ஸும்.

ஃபுஸ்ஸைப் பிடிக்க அம்மாச்சியின் சாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி வந்தது. பெட்டியின் விளிம்புகளை ஒட்டி நான் அதை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். சுரம் ஒலிக்கும்போது புகை நேராக எழுந்தது; பின்பலகையில் ஜாக் தகட்டின் ஓரத்துக்கு வந்ததும் உதைபட்டுச் சிதறியது. அங்கே காற்று உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. காது சொன்னதைக் கண் ஒத்துக்கொண்ட அந்த நிமிஷத்தின் சந்தோஷம் பெரிது.

‘டர்ர்’ருக்கு மாமா செய்தது எனக்கு வித்தையாகத் தெரிந்தது. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே வந்த பலகையின் மீது சலித்த ஆற்று மணலைத் தூவினார். சுரம் ஒலித்ததும் பலகையின் நடுவில் மணல் துள்ளித் துள்ளி ஓரங்களுக்கு ஓடியது. பெட்டியைப் புரட்டிப்போட்டு எதிர்ப் பலகையிலும் அதேபோல் தூவினார். அங்கே மணல் லேசாக அசைந்ததோடு சரி. ஒரே அளவு, ஒரே கனம் கொண்ட இரண்டு பலகைகளில் ஒன்று மட்டும் ஆடுகிறது. அதிரும் தகட்டின் மேல் மணல் தூவி அதிர்வைக் கண்ணால் பார்க்கும் முறையை ஜெர்மானியரான கிளாட்னி 1787-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார் என்று கல்லூரியில் படித்தபோது, மாமா வீட்டு முற்றத்தில் துள்ளிய மணல்தான் என் கண்ணுக்கு முன் வந்தது. மாமா யாரிடம் கற்றாரோ, ஆனால் அந்த அறிவு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த எட்டு ஸ்குரூக்களையும் வரிசையாகக் கழற்றாமல், ஒன்றைத் தளர்த்தினால் அதற்கு எதிரில் இருப்பதைத் தளர்த்தி, மூலைக்கு மூலையாகக் கழற்றினார். ஒரே பக்கம் கழற்றிக்கொண்டே போனால் ஃப்ரேம் இழுபட்டுக் காயில் உரச ஆரம்பித்துவிடும் என்றார். இரண்டு ஸ்குரூக்கள் துளை அகன்று சும்மா சுற்றின. ஸ்பீக்கர் வெளியே வந்ததும் அதை முகம் மேலே பார்க்கத் தரையில் வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனின் மீது சம தூரத்தில் பரப்பி, மெதுவாக உள்ளே அமுக்கி விட்டார். “காதை வச்சுக் கேளு.” வறட்டுச் சத்தம் எதுவும் இல்லை, வழவழவென்று இறங்கி ஏறியது. 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டார். கோன் ஒரு தட்டுத் தட்டி முன்னால் வந்தது. காயில் உயிரோடிருக்கிறது, பிளஸ் மைனஸ் சரியாக இருக்கிறது என்று ஒரே தட்டில் இரண்டு சேதி. கோனைச் சுற்றியுள்ள விளிம்பு, நடுவில் ஒட்டியிருக்கும் மூடி, பின்னால் காயிலைத் தாங்கும் ஸ்பைடர், எங்கும் ஒட்டு விடவில்லை. பெட்டிக்கு வெளியே வைத்தே அந்தச் சுரத்தைச் சன்னமாகக் கொடுத்தார். ஸ்பீக்கர் குற்றமே இல்லாமல் பாடியது.

“தம்பி, கோன் மாத்த வேண்டாம். இது இன்னும் ரொம்ப வருஷம் பாடும்.”

1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் வடிவமைத்த ஸ்பீக்கரின் அதே அமைப்புதான் இன்றைக்கும் நாம் கேட்கும் ஸ்பீக்கர்களில் இருக்கிறது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு காயில், காயிலோடு ஒட்டிய ஒரு கோன். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதற்கென்று அவர் விற்ற ஆம்ப்ளிஃபையரிலும் ஒரு 15 அங்குல ஸ்பீக்கர்தான் இருந்தது. அந்த நீண்ட வரிசையில் வந்த ஒன்று மதுரையில் ஓர் அம்மாச்சி வீட்டு முற்றத்தில் மல்லாந்து கிடந்து தன் நலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெட்டியின் உள்ளே நான் டார்ச் அடிக்க, மாமா விரல் முட்டியால் பலகைகளைத் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம் என்று வந்தது, மணல் துள்ளிய பலகையின் நடுவில் ‘டக் டக்’ என்று இரட்டைச் சத்தமாக வந்தது. அந்தப் பலகையைத் தாங்க உள்ளே அடித்திருந்த குறுக்குக் கட்டை ஒட்டு விட்டு, ஒற்றை ஆணியில் நின்றுகொண்டிருந்தது. வேன் கூரையில் வெயிலும் மழையும் பட்டு, குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கியதில் பழைய வஜ்ஜிரம் காய்ந்து பொரிந்து உதிர்ந்திருந்தது. பலகை ஆடும் ஒவ்வொரு முறையும் கட்டையின் மேல் மோதியிருக்கிறது. ஒரு முழ நீளக் கட்டைதான். அதற்காகத்தான் ஒரு நல்ல கோனைக் கிழித்தெறிய இருந்தார்கள்.

சரிசெய்யும் வேலை கண்டுபிடிக்கும் வேலையைவிடச் சுருக்கமாக முடிந்தது. ஆசாரி வந்து பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் தடவி, கட்டையைப் பலகையோடு வைத்து ஸ்குரூ முடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். அகன்ற துளைகளில் தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் புதுத் துளை போட்டார். ஜாக் தகட்டின் ஓரத்தில் மக்கு வைத்து இடுக்கை அடைத்தார் மாமா. முன்வலை பலகையைத் தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி ஒட்டுவது எனக்குக் கொடுத்த வேலை. உள்ளே தொங்கிக்கொண்டிருந்த ஒயர் கோனின் முதுகில் படாதபடி அதை ஓரமாகக் கட்டினோம். பசை நன்றாகக் காயட்டும் என்று பெட்டியை அன்று இரவு தொடவே விடவில்லை.

மறுநாள் ஸ்பீக்கரைப் பூட்டும்போது ஸ்குரூக்களை மறுபடியும் மூலைக்கு மூலையாக, முதலில் லேசாகவும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகவும் இறுக்கினார். வெறி கொண்டு முடுக்கினால் ஃப்ரேம் வளைந்துவிடும் என்று ஒவ்வொரு திருகலிலும் சொன்னார். பூட்டியதும் கோனை மெதுவாக உள்ளே தள்ளி விட்டுவிட்டார். முதல் நாள் வெடுக்கென்று திரும்பியது. இப்போது உள்ளிருக்கும் காற்று பிடித்துக்கொள்ள, நிதானமாகத் திரும்பி வந்தது. பெட்டி அடைபட்டுவிட்டது.

அண்ணன் ‘ஈ’ தந்தியின் அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மாமா என்னைப் பெட்டியின் ஐந்து பக்கமும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். ‘ஏ’ வந்தது. அடுத்த அரைச் சுரம் வந்தது. பலகை என் கையில் அதிர்ந்தது, ஆனால் எதுவும் எதனோடும் மோதவில்லை. அப்போதுதான் அந்தச் சுரத்தின் உண்மையான குரலைக் கேட்டேன். உருண்டையான, முழுமையான ஒரு குரல். அவர் கண்களை மூடிக்கொண்டு அந்த ஜேசுதாஸ் பாட்டின் பேஸை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பாடகர் இல்லை, தபலா இல்லை. ஆனாலும் அடுப்படியில் இருந்த அம்மாச்சிக்குப் பாட்டு எதுவென்று தெரிந்துவிட்டது.

“இதே ஜிர்ரத்தான் தம்புராவுல நூல் வச்சு வேணும்னு வரவழைக்கிறாங்க” என்றார் மாமா, பெட்டியைத் துடைத்துக்கொண்டே. “அங்க அது வாசிக்கிறவன் கேட்டு வாங்குறது. இங்க கேக்காம வந்தது. வாசிக்கிறவன் கேக்காதது எதுவும் பெட்டியிலிருந்து வரக் கூடாது பாப்பா. அவ்வளவுதான் நம்ம தொழில்.”

நான் ஒலிப்பதிவு வேலைக்கு வந்ததற்கு அந்தக் கோடை ஒரு காரணம். இன்று ஆற்று மணலும் கிட்டார்க்காரரின் பொறுமையும் இல்லாமலே சோதிக்கலாம். செல்போனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் சுரத்தைச் சத்தம் குறைத்துக் கொடுத்தால், எந்த எண்ணில் பெட்டி பேசுகிறது என்று நொடியில் தெரிந்துவிடும். ஒரே சுரத்தை நெடுநேரம் பலமாகக் கொடுத்தால் காயில் சூடேறிக் கருகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கருவி மாறியிருக்கிறதே தவிர, வரிசை மாறவில்லை. முதலில் கிட்டார், பிறகு ஒயரும் ஆம்ப்ளிஃபையரும், பிறகு அறை, பிறகு பெட்டியின் வெளிப்புறம், கடைசியாகத்தான் உள்ளே இருப்பது. ஒவ்வொன்றையும் கையால் அடக்கிப் பார்த்து, அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

பேஸ் வாசிக்கும் இளைஞர்கள் என்னிடம் ஸ்பீக்கர் போய்விட்டது, புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வாங்குவதைப் பற்றி நான் பேசுவதில்லை. பெட்டியை வெட்டவெளிக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். எந்தச் சுரத்தில் அதிருகிறது என்று கேட்கிறேன். பல பெட்டிகளுக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டு ரப்பரும் கொஞ்சம் பசையும்தான். காது கொடுக்காமல் நாம் தூக்கி எறிந்த நல்ல ஸ்பீக்கர்கள் எத்தனையோ. திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலத்தைக் கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். கோளாறு எங்கே இருக்கிறதென்று பெட்டியே சொல்லும்.